பங்கு

கோடையில் ஏரித் தண்ணீர் வற்றியதும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மீன் பிடிப்பார்கள். சின்னசேலத்தைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். பிடித்த மீனைக் கரையில் கொட்டித் தலைக்கட்டுக்கு ஒன்றாகக் கூறு போடுவார்கள். எந்தக் கூறு யாருக்கு என்ற தகராறு வராமலிருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவனைக் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்கச் செய்வார்கள். மற்றொருவன் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். திரும்பி நிற்கிறவன் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுவான். பெயருக்குரியவன் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். கெண்டையானாலும் கெளுத்தியானாலும் மறுபேச்சில்லை.

சிறு பிள்ளையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த முறையின் நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யார் எவர் என்று முகம் பாராமல் விழுகிற பங்கு! வெகுகாலம் கழித்துத்தான் ஒரு விஷயம் புத்தியில் பட்டது. திரும்பி நின்றவன் எல்லாப் பெயர்களையும் சொல்லவில்லை. ஊர்த் தெருப் பெயர்களை மட்டுமே சொன்னான். காலனிக்காரர்களும் சேற்றில் இறங்கி வலை இழுத்தார்கள். அவர்களுக்கும் மீன் கிடைத்தது. ஆனால் அது கூறு அல்ல. எல்லாம் முடிந்தபிறகு யாரோ மனமிரங்கி அள்ளிக் கொடுத்தது. சில வருஷங்களில் அந்த அள்ளல் ஒரு கூறைவிடப் பெரிதாகக்கூட இருந்தது. ஆனாலும் அது பங்கு ஆகிவிடவில்லை.

இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மீனைப் பற்றி அல்ல, கோயிலைப் பற்றி.

நம் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள், ஒரு சாமியாரின் பொறுப்பிலுள்ள ஊரையும் ஜனங்களையும் சேர்த்துப் 'பங்கு' என்கிறார்கள். பங்குக் கோயில், பங்குச் சாமியார், பங்கு மக்கள் என்றெல்லாம் அவர்கள் பேச்சில் அந்தச் சொல் தாராளமாகப் புழங்கும். ஆங்கிலத்தில் இதற்குப் 'பாரிஷ்' என்று பெயர். கிரேக்க மொழியில் அதன் மூலச் சொல் பக்கத்தில் குடியிருப்பதைக் குறிக்கும். அக்கம்பக்கத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் இருப்பதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. பங்கு என்பது அப்படியில்லை. அதற்கு ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஆங்கில நாவல்கள் படித்தவர்களுக்கு அந்த நாட்டுப் பாரிஷ் வாழ்க்கை ஓரளவு பழக்கம். கல்லால் கட்டிய கோபுரம், சுற்றிலும் கல்லறைகள், ஞாயிற்றுக்கிழமை மணி, அறுவடை முடிந்ததும் கோயிலுக்குள் கொண்டுவந்து அடுக்கும் கதிரும் கனியும். இந்த அறுவடைத் திருநாள் ஆதிகாலத்து வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். கார்ன்வால் கடற்கரையில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ஹாக்கர் என்ற பாதிரியார் 1843இல் நடத்தியதைப் பார்த்துத்தான் அது இப்போதைய உருவில் பரவிற்று. 1538லிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாரிஷ் புத்தகத்தில் பதிய வேண்டுமென்று உத்தரவு. 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைக் காப்பாற்றும் பொறுப்பும் பாரிஷின் தலையில் விழுந்தது. ஒரு மனிதன் பிறந்ததற்கு அத்தாட்சி, பசித்தால் கஞ்சி, செத்தால் ஆறடி நிலம் எல்லாம் அந்த ஒரு கோபுரத்தின் நிழலில்தான்.

அந்த வாழ்க்கையின் உச்சத்தைக் காண வேண்டுமானால் டார்பிஷயரிலுள்ள ஈயம் என்ற கிராமத்தைப் பார்க்க வேண்டும். 1665இல் அங்கே பிளேக் புகுந்தது. மறு வருஷம் வில்லியம் மொம்பெசன் என்ற பாதிரியாரும், அவருக்கு முன் அங்கே இருந்த ஸ்டான்லி என்பவரும் சேர்ந்து ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்கள்: "நாம் ஓடினால் நோயும் நம்மோடு ஓடும், ஊருக்குள்ளேயே இருந்துவிடுவோம்" என்று. ஜனங்கள் இருந்தார்கள். வெளியூரார் எல்லைக்கல்லில் உணவை வைத்துவிட்டுப் போக, இவர்கள் காடியில் நனைத்த காசை அங்கே வைத்தார்கள். கோயிலைப் பூட்டிவிட்டு வெட்டவெளியில் வழிபட்டார்கள். மொம்பெசனின் மனைவியும் செத்துப்போனாள். பிள்ளைகளையெல்லாம் தன் கையாலேயே புதைத்த தாயும் உண்டு. கஷ்டத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு கூறு விழுந்த ஊர் அது. பாரிஷ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஊரைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம்.

ஆனால் அதே இங்கிலாந்தில்தான் பணம் கட்டியவனுக்குக் கோயிலில் தனிப் பெஞ்சு இருந்தது. பிரபுவின் குடும்பத்துக்குக் கதவு வைத்து அடைத்த பெட்டி போன்ற ஆசனம்; ஏழைக்குப் பின்வரிசைப் பலகை. இந்த வழக்கத்தை ஒழிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அங்கே போராட வேண்டியிருந்தது. தாமஸ் ஹார்டி 1872இல் வெளியிட்ட 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' என்ற நாவலில் வேறொரு சங்கடத்தைச் சொல்லுகிறார். தலைமுறை தலைமுறையாகப் பிடில் வாசித்து வந்த கிராமத்து வாத்தியக்காரர்களைக் கோயிலிலிருந்து விலக்கிவிட்டு, ஆர்கன் வாசிக்க ஒரு பெண்ணை நியமிக்கிறார்கள். ஹார்டியின் தகப்பனாரும் பாட்டனாரும் அப்படி வாசித்தவர்கள். வாசித்ததற்குப் பெரிய கூலி ஒன்றும் இல்லை. ஆர்கன் வந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. என்றாலும் அந்தக் கிழவர்களின் முகம் வாடுகிறது. இசை போய்விடவில்லை, கோயிலும் போய்விடவில்லை. அதில் அவர்களுடைய பங்குதான் போயிற்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

எங்கள் மாவட்டத்தில் பழைய கிறிஸ்தவ ஊர்கள் சில உண்டு. அங்கே பங்கு வாழ்க்கை இங்கிலாந்தைவிடக் கலகலப்பானது என்றே சொல்லுவேன். திருநாள் வந்தால் கொடியேற்றம், நவநாள், மின்விளக்குகள் ஜொலிக்கத் தேர். தவக்காலத்தில் ஊர் இளைஞர்கள் ஆடும் பாஸ்கா நாடகம். அதில் யூதாஸாக நடிப்பவனை ஒரு வருஷத்துக்குச் சிறுபிள்ளைகள் விடமாட்டார்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைகளில் மெழுகுவர்த்தி. மரியாயின் சேனை, பாடற்குழு, பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு, ஏழைகளுக்கு உதவ வின்சென்ட் தே பவுல் சபை. இந்தச் சபையைப் பாரிஸ் நகரத்தில் 1833இல் தொடங்கியவர்கள் ஓசானம் என்ற இளைஞரும் அவருடைய சகாக்களும். ஏழையைக் கோயில் வாசலுக்கு வரவழைக்காமல், அவன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் ஆரம்பத்திலிருந்து கடைப்பிடித்த முறை. எவ்வளவு உயர்ந்த முறை!

அப்படிப்பட்ட ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். தலித் குடும்பத்தில் பிறந்தவர். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். பேச்சு சாவு வீட்டைப் பற்றித் திரும்பியது. அந்த ஊர்க் கோயிலில் ஒரு தூம்பா இருந்தது. தூம்பா என்றால் பிரேதத்தை வைத்துக் கல்லறைக்குச் சுமந்துபோகும் பொதுப் பெட்டி. கறுப்புத் துணி போர்த்தி, வெள்ளிச் சரிகையில் சிலுவை தைத்து, பார்க்க அழகாக இருக்குமாம்.

"எங்க அம்மா செத்தப்ப அந்தத் தூம்பாவக் கேட்டோம் தம்பி. இல்லேன்னுட்டாங்க."

"உபதேசியார் ஐயா, உங்களுக்கே இல்லை என்றார்களா?"

"எனக்குத்தான் இல்லேன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே வின்சென்ட் சபைக்காரங்க செலவுக்குன்னு ஒரு மூட்டை அரிசியும் பணமும் குடுத்து அனுப்பிச்சாங்க. நல்ல மனுஷங்கதான். அரிசிய நான் மறக்கல. ஆனா அம்மாவ வாடகைக் கட்டில்ல வெச்சுத்தான் தூக்கிட்டுப் போனோம்."

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "அரிசி அவங்களுது, குடுத்தாங்க. தூம்பா எங்களுதும்தானே? அதத்தான் குடுக்கல."

வீடு திரும்பிய பிறகும் அந்த இரண்டு வாக்கியங்கள் என்னை விடவில்லை. நம்முடையதை எடுத்து ஒருவனுக்குக் கொடுப்பது சுலபம். கொடுத்தபிறகும் நாம் கொடுத்தவர்களாகவே இருக்கிறோம். அவனுடையதும்தான் என்று ஒத்துக்கொள்வதுதான் கடினம். அங்கே கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. நன்றி வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. தர்மம் செய்கிற கை பங்கு வைக்கும்போது நடுங்குவது இதனால்தான்.

ஏரையூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் உள்ள பெரிய கத்தோலிக்க ஊர். புதுவை–கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. வன்னியரும் தலித்துகளும் ஒரே ஜெபமாலை அன்னை கோயிலின் மக்கள். இருக்கையிலும், கல்லறையிலும், பிரேதம் போகும் பாதையிலும் வேற்றுமை காட்டப்படுகிறது என்பது தலித்துகளின் நெடுநாளைய குறை. தங்களுக்கென்று சகாய மாதா பெயரில் ஒரு கோயில் எழுப்பிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் உண்ணாவிரதம் இருந்தார்கள். கலவரம் மூண்டது. தலித்துகளின் வீடுகள் தாக்கப்பட்டன. மார்ச் 9ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள்.

இரண்டு வீட்டில் விளக்கு அணைந்தது. அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போகிறவனுக்கு இந்த விஷயத்தில் நியாயம் பேச அருகதையில்லை. அவர்கள் தெருவிலும் ஒரு வாதம் உண்டு. அதையும் கேட்கத்தான் வேண்டும். எங்கள் பாட்டன் செங்கல் சுமந்து கட்டிய கோயில். அதைப் பிரிக்க நீங்கள் யார், ஒரே மாதாவை இரண்டு பங்கு போடுவதா என்பார்கள் பெரியவர்கள். திருச்சபைத் தலைவர்களுக்கும் வேறுவிதமான தயக்கம் உண்டு. ஜாதிக்கு ஒரு பங்கு என்று இன்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ஜாதியையே திருச்சபை அங்கீகரித்ததாக ஆகாதா?

முதல் வாதத்துக்கு என் மனத்தில் படும் பதில் இது. கட்டியவனுக்கு வீட்டில் பாத்தியதை உண்டு, கோயிலில் கிடையாது. கடவுளுக்கென்று கொடுத்த அன்றே நம் கை அதிலிருந்து எடுபட்டுவிட்டது. உண்டியலில் போட்ட ரூபாய்க்கு யாரும் பத்திரம் கேட்பதில்லை. பாட்டன் சுமந்த செங்கல்லும் அப்படிப் போட்டதுதான். பேரன் அதற்குப் பட்டா கேட்டால், பாட்டன் அதைக் கடவுளுக்குக் கொடுக்கவில்லை, தனக்கே கட்டிக்கொண்டான் என்று ஆகும். அது பாட்டனுக்குத்தான் அவமானம். தவிர, செங்கல் சுமந்த தலைகளில் சேரித் தலை ஒன்றுகூட இல்லை என்று எந்த ஊரில் யாரால் சத்தியம் செய்ய முடியும்?

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. அதற்குச் சரித்திரம் கொஞ்சம் துணை செய்கிறது. 1745இல் புதுச்சேரிக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை ஒதுக்கி நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் சாமியாரிடம் முறையிட்டு அதை எடுக்கச் செய்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தென்கோடியில் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு சிறகுகளாகப் பிரியும் கோயிலையே கட்டினார்கள். ஒரு ஜாதிக்கு ஒரு சிறகு. 1910இல் இடையிலிருந்த தடுப்பு இடிக்கப்பட்டபோது, தனியிடம் எங்கள் உரிமை என்று ஒரு சாரார் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. ஆக, சுவர் எழுந்த பிறகுதான் முறையீடு எழுந்திருக்கிறது. ஏரையூர்க்காரர்கள் தனிப் பங்கு கேட்டதனால் கோயில் இரண்டாகவில்லை. இரண்டாக இருந்ததைத்தான் அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். கட்டியவர்கள் பேசாமல் இருக்க, தட்டிப் பார்த்துச் "சுவர் இருக்கிறது" என்று சொன்னவனைப் பிரிவினைக்காரன் என்கிறோம்.

கூட்டுக் குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறோம். வருஷக்கணக்கில் இளையவன் புழக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவான். அதுவரைக்கும் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும். ஒருநாள் பாகம் கேட்பான். அன்றைக்குத்தான் மூத்தவன், "ஐயோ, குடும்பம் உடைகிறதே!" என்று தலையில் அடித்துக்கொள்ளுவான். ஒரு பக்கத்தார் மட்டுமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த ஒற்றுமை அது.

அதற்காகத் தனிப் பங்குதான் முடிவான நியாயம் என்றும் நான் நினைக்கவில்லை. உபதேசியாரிடம் அதையும் கேட்டேன். "உங்களுக்குத் தனிக் கோயில் வந்துவிட்டால் சந்தோஷந்தானே?"

அவர் தலையை ஆட்டினார். "இல்ல தம்பி. எனக்கு ஞானஸ்நானம் அங்கதான். கல்யாணம் அங்கதான். அந்த மணிச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியுது. தனியாப் போறதுக்கு யாருக்கு ஆசை? ரொம்ப நாளு நின்னு பாத்துட்டோம், அவ்வளவுதான்."

பிரிவு கேட்பவனுக்குப் பாசம் கிடையாது என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பதிலைக் கேட்க வேண்டும். ஒரே பந்தியில் எல்லோரையும் உட்காரச் சொன்ன ஒரு மதத்தில் தனிப் பங்கு என்பது தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியை அதைக் கேட்டவர்கள் கணக்கில் எழுதக் கூடாது. பந்தியில் இடம் விடாதவர்கள் கணக்கில் எழுத வேண்டும். போப் இரண்டாம் ஜான் பால் 2003இல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் ஜாதி வேற்றுமையைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். இந்திய ஆயர் பேரவையும் 2016இல் தலித் மக்களின் முன்னேற்றத்துக்கென்று ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெரிய காரியம். ஆனால் பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார வேண்டியவர் ரோமாபுரியில் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

இதற்கிடையில் சட்டத்தின் விசித்திரம் வேறு. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் ஜாதியாகக் கருதப்படமாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது, இவர்களுக்குத் திறக்கவில்லை. உங்கள் மதத்தில் ஜாதியே கிடையாதே என்கிறது சர்க்கார். உள்ளே போனால், உன் இடம் பின்னால் என்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கமும் பங்கில்லை, அந்தப் பக்கமும் பங்கில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, மதம் மாறிப் போனவர்கள் கதி!" என்று யாரேனும் உள்ளூர மகிழ்ந்தால், அவர்கள் கொஞ்சம் எங்கள் மாவட்டத்திலேயே திரும்பிப் பார்க்கட்டும். ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947லேயே வந்துவிட்டது. எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 2ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசியன்று. அதற்கும் அதிகாரிகளும் போலீஸ் பந்தோபஸ்தும் வேண்டியிருந்தன. நம் ஊர் மாரியம்மன் திருவிழாக்களில் எத்தனை இடங்களில் சேரியில் வரி வாங்குகிறார்கள்? "ஏழைகள், அவர்களிடம் எதற்கு வாங்க வேண்டும்?" என்று இரக்கமாகச் சொல்லுவார்கள். வரி வாங்கினால் வடம் பிடிக்க உரிமை வந்துவிடும் என்பதுதான் அதன் அர்த்தம். ஏரிக்கரையில் பெயர் சொல்லாமல் விட்டதும் அதே கணக்குத்தான்.

நானும் ஊர்த் தெருவில் பிறந்தவன். அந்தக் கரையிலிருந்து என் பெயருக்கு விழுந்த கூறைச் சந்தோஷமாக வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். யார் பெயர் விட்டுப்போயிற்று என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. தன் பெயர் கூப்பிடப்பட்டவன் காதுக்கு மற்றப் பெயர்கள் கேட்பதில்லை போலும்.

சென்ற வருஷம் அந்த உபதேசியாரின் ஊருக்கு மறுபடி போயிருந்தேன். அவர் காலமாகி, ஒரு துக்கம் விசாரிப்பதற்காக. டவுனிலிருந்து வாடகைக்குக் கண்ணாடிக் குளிர்பெட்டி வந்திருந்தது. பணம் கட்டினால் யார் வீட்டுக்கும் வரும், ஜாதி கேட்பதில்லை. இப்போது மேலத் தெருவிலும் அதைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்களாம். அவர் மகனிடம் அந்தத் தூம்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"கோயில் பின்னால கொட்டகையில கெடக்குதுங்க" என்றான். "கரையான் தின்னுடுச்சி. யாரும் எடுக்கறதில்ல."